சிறுவனுக்கு அப்பீல் எதற்கு?

“சின்னஞ்சிறு பையன் செய்த தவறுக்கு வக்கீல் எதற்கு, அப்பீல் எதற்கு? நீதிபதி தகப்பனைப்போல நாலு வார்த்தை கண்டித்து நல்வழி காட்டுவார்; அதற்குத் தலைவணங்கி வீடு போய்ச் சேருவதுதானே முறை?” என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே பலருளர். கேட்பவர் கொடியவரல்லர், பிள்ளைகளிடத்து அன்புடையவரே. எனினும், அன்பிலிருந்து பிறந்த இந்தக் கேள்வி பிள்ளைகளுக்கு விளைத்துள்ள தீங்கு, பகைவர் விளைத்த தீங்கினும் பெரிதென்பதே நமது கருத்து. அதனை இங்கே எடுத்துக்காட்ட முற்படுகிறோம்.

நமது கட்சி சுருக்கமானது. பிள்ளை என்பதற்காகத் தண்டனையைக் குறைக்கலாம், குறைக்கவும் வேண்டும். பிள்ளை என்பதற்காக நியாயத்தைக் குறைக்கலாகாது. குற்றம் இன்னதென்று முன்கூட்டி அறிவித்தல், சாட்சியை நேரில் நிறுத்தி விசாரித்தல், ஐயமற மெய்ப்பித்தல், பிழையான தீர்ப்பை மேல் கோர்ட்டில் திருத்திக்கொள்ள வழிவிடுதல் ஆகிய நான்கும் பெரியவனுக்கு எவ்வளவு உரியனவோ, அவ்வளவும் சிறுவனுக்கு உரியன.

இது எல்லாக் குற்றத்துக்கும் பொருந்துமாயினும், இரண்டு குற்றங்களில் மிகுதியும் பொருந்தும். ஒன்று, சொல்லால் மிரட்டினான் என்பது. மற்றொன்று, நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும்போது கோர்ட்டாரின் கட்டளையை மீறினான் என்பது. பிள்ளைகள்மேல் மிக எளிதாகச் சுமத்தக்கூடியவை இவையே. திருட்டென்றால் பொருளைக் காட்டவேண்டும். அடிதடியென்றால் காயத்தைக் காட்டவேண்டும். மிரட்டலுக்கோ ஒரு சொல் போதும். கட்டளை மீறலுக்கு ஒரு நாள் பள்ளிக்குப் போகாதிருந்தால் போதும்.

இவற்றை ஆராய ஐக்கிய அமெரிக்க நாட்டு வழக்குகளை எடுத்துக்கொள்கிறோம். காரணம், சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் கண்ட முன்னோடி அந்நாடே. அங்குள்ள மேல் கோர்ட்டுத் தீர்ப்புகள், பெரும்பாலும் பிள்ளையின் பெயரை மறைத்து, அச்சாகி எவரும் படிக்கக் கிடைக்கின்றன. நேர்ந்த பிழைகளையும் அவை ஒளிக்கவில்லை.

தகப்பனாக வந்த நீதிமன்றம்

1899-ம் ஆண்டில் சிகாகோ நகரில் சிறுவர் நீதிமன்றம் ஏற்பட்டது. அதற்குமுன், பத்து வயதுப் பிள்ளையும் பழுத்த கொள்ளைக்காரனும் ஒரே கூண்டில் நின்று, ஒரே சிறையில் கிடந்தனர். அக்கொடுமையைக் கண்டு நெஞ்சு பொறாதவர்களே புது மன்றத்தை ஆக்கினார்கள். அவர்களை நாம் வாழ்த்துகிறோம். குற்றவாளி என்ற பெயரை நீக்கினார்கள். தண்டனை என்ற சொல்லை மாற்றிச் சீர்திருத்தம் என்றார்கள். சிறை என்னாமல் தொழிற்பள்ளி என்றார்கள். நீதிபதி தகப்பனின் இடத்தில் அமர்வார் என்றார்கள்.

ஆனால் பெயர்களோடு வேறு சிலவும் போயின. தகப்பனுக்கு முன் பிள்ளைக்கு வக்கீல் எதற்கென்று வக்கீல் போனார். குடும்பப் பேச்சுக்குச் சத்தியப் பிரமாணம் எதற்கென்று அதுவும் போயிற்று. பேசியதை எழுதிவைப்பானேன் என்று நடவடிக்கைக் குறிப்பும் போயிற்று. தகப்பன் சொல்லுக்கு மேல் சொல் ஏது என்று, சில மாகாணங்களில் அப்பீலும் போயிற்று. போகாமல் நின்றது ஒன்றே: பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைக்கும் அதிகாரம்.

இதன் விளைவை 1964-ல் அரிஸோனா மாகாணம் காட்டிற்று. ஜெரால்டு கால்ட் என்பவன் 15 வயதுப் பையன். ஒரு பெண்மணியின் கைப்பையிலிருந்து பணப்பையைத் திருடிய வேறொரு பையனோடு கூட இருந்தான் என்பதற்காக, அவ்வாண்டு பிப்ரவரி 25-ல் ஆறு மாத நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்தான். ஜூன் 8-ம் தேதி, அவனும் அவன் நண்பனும் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினார்கள் என்று அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் முறையிட, போலீஸார் அவனைப் பிடித்துச் சென்றனர். தாய் தந்தையர் இருவரும் வேலைக்குப் போயிருந்த நேரம். ஒரு துண்டுச் சீட்டுக்கூட வீட்டில் வைத்துச் செல்லவில்லை. மாலையில் திரும்பிய தாய், அக்கம்பக்கம் தேடியே மகன் அடைபட்ட செய்தியை அறிந்தாள்.

மறுநாளே விசாரணை. எவரும் பிரமாணம் செய்யவில்லை, எதையும் எழுதிவைக்கவில்லை, முறையிட்ட பெண்மணி வரவேயில்லை. ஜூன் 15-ல் இரண்டாம் விசாரணை. “அந்த அம்மாளை அழைத்துக் கேளுங்கள்” என்று தாய் வேண்டினாள். தேவையில்லை என்றார் நீதிபதி. பையன் என்ன ஒப்புக்கொண்டான் என்பதில் கூட இருந்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமையில்லை. முடிவு என்னவென்றால், 21 வயது நிரம்பும் வரை தொழிற்பள்ளியில் அடைப்பு. ஆறு ஆண்டு! அதே குற்றத்தை வயது வந்தவன் செய்திருந்தால் 5 முதல் 50 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதத்துக்கு மேற்படாத சிறை. பெரியவனுக்கு இரண்டு மாதம். பிள்ளைக்கு ஆறு ஆண்டு! இதற்குப் பெயர் கருணையாம்.

அன்றைய அம்மாகாணச் சட்டப்படி சிறுவர் வழக்கில் அப்பீல் இருக்கவில்லை. ஆதலால் பெற்றோர் ஆட்கொணர்வு மனுவென்னும் சுற்றுவழியே போகவேண்டியதாயிற்று. அந்த மனு விசாரணையில், எந்தச் சட்டப்படி அடைத்தீர் என்று கேட்கப்பட்ட நீதிபதி, பழைய கதைகளையெல்லாம் கிளறினார். ஈராண்டுக்கு முன் இன்னொரு பையனின் பந்தாட்டக் கையுறையை எடுத்தான் என்று வந்து, ஆதாரமில்லாமல் கைவிடப்பட்ட முறையீட்டையும் சொன்னார். கீழ்க்கோர்ட்டுகள் மனுவைத் தள்ளின. 1967 மே 15-ல் ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டிற்று. குற்றத்தை எழுத்தில் முன்கூட்டி அறிவிக்கவேண்டும்; வக்கீல் வேண்டும், வசதியில்லையேல் கோர்ட்டே அமர்த்தவேண்டும்; சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய இடம் வேண்டும்; தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி பிள்ளையை வற்புறுத்தலாகாது எனத் தீர்ப்பாயிற்று. பையனாய்ப் பிறந்தான் என்பதற்காக அவனுக்குப் போலி விசாரணை நடத்துவது சட்டமாகாதென்பதே நீதிபதி ஏப் ஃபோர்டஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க. அத்துணைப் பெரிய தீர்ப்பிலும், அப்பீல் செய்யும் உரிமையைப் பற்றி மட்டும் நீதிபதிகள் முடிவு கூறாமல் விட்டுவிட்டனர். மற்ற உரிமைகள் மீறப்பட்டால் அதனை எங்கே போய்ச் சொல்வது? கதவு நான்கு வைத்து வாசற்படி வைக்க மறந்த வீட்டை ஒத்தது அது.

கூண்டில் ஏறிய பாட்டு

இனி, மிரட்டல் வழக்கொன்றைப் பார்ப்போம். இலக்கியப் பகுதியைப் படிக்கும் நமது அன்பர்களுக்கு இது மிகவும் உரியது. இங்கே குற்றக் கருவியாகக் காட்டப்பட்டது ஒரு பாட்டு.

2001 மார்ச் 16-ம் தேதி, கலிபோர்னியா மாகாணத்துச் சான் ஹொசே நகரில், உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன், ஆங்கில வகுப்பு முடியும் நேரத்தில் உடன்படிக்கும் பெண் ஒருத்தியிடம், “இங்கே கவிதைக் கழகம் உண்டா?” என்று கேட்டு, மூன்று தாள்களை நீட்டினான். இவை என்னையும் என் உணர்ச்சியையும் கூறுவன. உன்னுடையதையும் கூறுகின்றனவா என்று சொல் எனும் பொருளில் ஒரு குறிப்பும் இருந்தது. பாட்டு இருண்டது. வெளிக்குச் சிரித்து, உள்ளே வேறு முகம் வைத்திருப்பவனாகப் பேசி, பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் அடுத்த பையன் தானாகவும் இருக்கக்கூடும் என்று முடிந்தது. படித்த பெண் அஞ்சி நடுங்கிப் பள்ளியைவிட்டே ஓடினாள். பிறகு ஆசிரியர் அறிந்தார், போலீஸ் அறிந்தது, பையன் கைதானான். சிறுவர் நீதிமன்றம் அவன் குற்றமிரட்டல் செய்தானென முடிவுகட்டி, 100 நாள் சிறுவர் காவல் விடுதியில் அடைக்க உத்தரவிட்டது. அடுத்த மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

‘ஜார்ஜ் டி.’ என்று ஏடுகள் பெயர் மறைத்துக் குறிக்கும் அப்பையன் மேலும் அப்பீல் செய்தான். 2003-ல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஜே. எம். குட்ஸி முதலிய எழுத்தாளர்கள் அவன் சார்பாக வாதுரை தாக்கல் செய்தனர். 2004 ஜூலையில் மாகாண உச்ச நீதிமன்றத்தார் ஒருமனதாக அவனைக் குற்றத்திலிருந்து நீக்கினர். அவர்கள் கூறிய காரணம் நுட்பமானது. கலிபோர்னியாத் தண்டனைச் சட்டம் 422-ம் பிரிவின்படி, மிரட்டல் என்பது பேச்சினாலும் சூழ்நிலையினாலும் ஐயத்துக்கிடமின்றி, உடனே நடந்துவிடும் என்று தோன்றும்படி, குறித்த ஒருவரை நோக்கியதாக இருத்தல் வேண்டும். இருக்கக்கூடும் என்று பாட்டில் வந்தால், செய்வேன் என்பதாகாது. பாட்டிலே பொருள் பலவாக விரியும். கொடுத்தவனுக்கும் வாங்கியவளுக்கும் முன்பகை இல்லை. கொடுக்கும்போது அவன் அச்சுறுத்தும் சொல்லோ செய்கையோ காட்டவில்லை. கவிதைக் கழகம் எங்கேயென்று கேட்டவன், கொலை செய்யப் போகிறேன் என்று அறிவித்தவனாவானா?

நமது இலக்கியம் கற்றவர்க்கு இதில் வியப்பென்ன இருக்கிறது? அகப்பாட்டில் ‘யான்’ என்று அழுபவள் தலைவி. பாடியவரோ பலவிடத்து ஆண்மகன். பெண்ணைத் தராவிடில் பனைமட்டைக் குதிரையேறி ஊர்நடுவே உயிர்விடுவேன் என்று தலைவன் சொல்லும் மடற்பாட்டுகள் எத்தனை! அதனைப் பாடிய புலவரை எந்தக் காவலரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. இன்னும் ஒரு பழங்கதை உண்டு. பாடல் கேட்டே நந்திவர்மன் எரிந்து மாண்டான் என்றும், அறம் பாடினால் ஆள் சாவான் என்றும் சொல்லுவார்கள். பகுத்தறிவுடையோர் அதைக் கேட்டு நகைப்பர். ஆனால் விஞ்ஞானம் முற்றிய நாட்டிலே, பாட்டையே கொலைக்கருவியாகக் கொண்டு இரண்டு கோர்ட்டுகள் தீர்ப்பளித்தன. நமது அறம்பாடும் கதைக்கு அங்கும் நம்பிக்கை உண்டு போலும்!

அந்தப் பையன் விடுதலை பெற்றபோது, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒரு பிள்ளையின் வயதில் மூன்றாண்டு என்பது சிறு காலமா? ஆயினும், அப்பீல் இருந்தபடியால் அவன் பெயர் மீண்டது. அப்பீல் இல்லாதிருந்த அன்றைய அரிஸோனாவில் இது நடந்திருந்தால்?

அச்சம் பொய்யன்று

எதிர்க்கட்சியார் கேட்கக்கூடியதை நாமே கேட்டுவிடுகிறோம். “அந்தப் பெண்ணின் நடுக்கம் பொய்யா? துப்பாக்கி மலிந்த நாட்டில் அச்சொல்லை விளையாட்டென்று விட்டுவிடலாமா?” என்பார்கள்.

விடலாகாது. 1999 ஏப்ரல் 20-ல் கொலம்பைன் பள்ளியில் இரு மாணவர்கள் 12 மாணவரையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக்கொன்றனர். மேற்கண்ட பாட்டுக்குப் பதினொரு நாள் முன்னர், 2001 மார்ச் 5-ல், அதே கலிபோர்னியாவில் சான்டீ என்னும் ஊர்ப் பள்ளியில் 15 வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாணவரைக் கொன்று 13 பேரைக் காயப்படுத்தினான். ஆகவே அந்தப் பெண் நடுங்கியது இயல்பு. ஆசிரியர் போலீஸை அழைத்தது கடமை. போலீஸார் வீடு தேடிச் சென்று விசாரித்தது சரி. ஒரு சொல்லை விசாரிப்பதை நாம் மறுக்கவேயில்லை.

நாம் மறுப்பது வேறு. விசாரிக்கப் போதுமான காரணம் தண்டிக்கப் போதுமான காரணமாகிவிடாது. ஊரெல்லாம் அஞ்சியிருக்கும் நேரத்தில் நீதிபதியும் ஊரோடு சேர்ந்து அஞ்சுவாராயின், பிள்ளையின் கதி என்ன? அதற்காகவே, ஊரின் கூச்சலுக்கு எட்டாத தூரத்தில், அமைதியாகத் தாளைப் புரட்டிப் பார்க்க மேல் கோர்ட்டு வேண்டும் என்கிறோம். ஜார்ஜ் வழக்கில் மாகாண உச்ச நீதிமன்றத்தார் இதனைத் தெளிவாக்கினர். பேச்சுரிமை சம்பந்தப்பட்ட வழக்கில் கீழ்க்கோர்ட்டார் முடிவை அப்படியே ஏற்காமல், மேல் கோர்ட்டார் ஏடு முழுவதையும் தாமே சுதந்தரமாக ஆராயவேண்டும் என்றனர்.

சினத்தில் சொன்ன சொல்லுக்கும் இதே நீதி. அதே 2001-ல் அதே மாகாணத்து மேல் கோர்ட்டொன்றில் வேறொரு வழக்கு முடிவாயிற்று. வகுப்புக் கதவு பூட்டியிருக்கக் கண்டு தட்டினான் 16 வயது மாணவன். ஆசிரியர் கதவைத் திறக்க, அது அவன்மேல் மோதிற்று. வலியில் அவன் வசைபாடி, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினான். கைநீட்டவில்லை, பள்ளி அலுவலகத்துக்குப் போ என்றதும் போனான். சிறுவர் நீதிமன்றம் இதையும் குற்றமிரட்டல் என்றது! மேல் கோர்ட்டார் அதை நீக்கி, இது சினத்தில் பிதற்றிய பேச்சு, இதற்குப் பள்ளியே தண்டனை கொடுத்திருக்கலாம் என்ற கருத்தில் தீர்ப்பளித்தனர். நாமும் அதையே சொல்கிறோம். வசைபாடிய பையனைக் கண்டிப்பதற்கு உலகில் ஆசிரியரும் பெற்றோரும் இல்லையா?

கண்காணிப்பு என்னும் கண்ணி

நன்னடத்தைக் கண்காணிப்பை நாம் வெறுப்பவரல்லேம். சிறைக்கு மாற்றாக அதனைக் கண்டவர்கள் மனிதத்தன்மை மிக்கவர்கள். பிள்ளை வீட்டில் இருக்கும், பள்ளிக்குப் போகும், அதிகாரி ஒருவர் வந்து பார்த்துப் புத்தி சொல்வார். இதனினும் நல்ல முறை ஏது? ஆனால் கருவி நல்லதாயினும், கையாளும் விதத்தால் கண்ணியாகிவிடுகிறது.

எவ்வாறெனில், கண்காணிப்பில் வைக்கும்போது கோர்ட்டு நிபந்தனைகள் விதிக்கிறது. பள்ளிக்குத் தவறாமல் போ, பெற்றோர் சொல் கேள், இத்தனை மணிக்குமேல் வெளியே நில்லாதே, இன்னாரோடு சேராதே. இவற்றுள் எதை மீறினாலும் மற்றப் பிள்ளைகளுக்கு வசவு; இப்பிள்ளைக்குக் கோர்ட்டு. தாயோடு வாய்ச்சண்டை போட்டால் அது குடும்பச் சண்டையாக நிற்பதில்லை. உத்தரவு மீறலாக எழுதப்படுகிறது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு இது இன்னும் கொடிது. வசதியுள்ளவன் மகன் பேருந்தைத் தவறவிட்டால் தகப்பன் காரில் கொண்டுபோய் விடுவான்; ஏழை மகன் தவறவிட்டால் அது ‘வராத நாள்’ என்று ஏட்டில் ஏறும்.

மெய்ப்பிக்கும் அளவிலும் வேற்றுமை உண்டு. குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைமேல் அதனை ஐயமற மெய்ப்பிக்கவேண்டுமென, 112 டாலர் திருடியதாகச் சொல்லப்பட்ட 12 வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில் 1970-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கலிபோர்னியாவில் 2000 மார்ச்சில் வாக்கெடுப்பால் நிறைவேறிய 21-ம் பிரேரணையின் விளைவாக, கண்காணிப்பு நிபந்தனை மீறலுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. இருந்திருக்கும் என்பது இல்லை என்பதைக் காட்டிலும் சற்றே மிகுந்தால் போதும். குற்றமாகவும் சாட்டத்தக்க செய்கையையே, குற்றமென்று சொல்லாமல் நிபந்தனை மீறல் என்று மட்டும் சொல்லி இந்தக் குறைந்த அளவில் மெய்ப்பிக்கலாமென்று 2003-ல் மாகாண உச்ச நீதிமன்றமும் ஏற்றது. அதே பிரேரணை குற்றமிரட்டலைக் கடுங்குற்றங்களின் பட்டியலிலும் சேர்த்தது.

இதன் பொருளை அன்பர்கள் எண்ணிப் பார்க்க. கண்காணிப்பில் இருக்கும் பையன் சினத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டான். மிரட்டல் என்று மெய்ப்பிக்க முடிந்தால் கடுங்குற்றம். மெய்ப்பிக்க இயலாதென்று தோன்றினால், நன்னடத்தை தவறினான் என்று வேறு கதவால் அழைத்துவந்து அடைக்கலாம். முன்கதவில் சட்டம் காவல் நிற்க, பின்கதவு திறந்தே கிடக்கிறது!

இந்தப் பின்கதவைச் சிறிதேனும் சாத்தியது அப்பீலே. கண்காணிப்பு அதிகாரிக்குப் பிடிக்காத எவரோடும் சேரக்கூடாது என்று ஒரு சிறுமிக்கு நிபந்தனை விதித்தார்கள். அதிகாரிக்கு யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? 2007-ல் மாகாண உச்ச நீதிமன்றம், தெளிவில்லாத இத்தகைய நிபந்தனை செல்லாதென்றும், கீழ்க்கோர்ட்டில் மறுப்புச் சொல்லத் தவறியிருப்பினும் அப்பீலில் இதனை எழுப்பலாமென்றும் தீர்ப்பளித்தது. அன்று அச்சிறுமியின் பக்கத்திலிருந்தவர், “சின்ன விஷயம், விட்டுவிடு” என்று சொல்லியிருந்தால் அந்த விதி இன்றும் நிலைத்திருக்கும்.

வேலியே பயிரை மேய்ந்தது

“நல்ல நீதிபதி இருந்தால் இதெல்லாம் வேண்டாமே” என்பார் சிலர். நல்லவரை நம்பிச் சட்டத்தைத் தளர்த்தினால், தளர்ந்த சட்டத்தில் நாளைக்கு யார் வந்து உட்காருவார்?

பென்சில்வேனியா மாகாணத்து லுசெர்ன் மாவட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். மார்க் சியவரெல்லா என்பவர் அங்கே சிறுவர் நீதிபதி. சிறு தவறையும் பொறுக்கமாட்டேன் என்று முழங்கியவர். பள்ளி அதிகாரிகளும் பெற்றோரும் அதைக் கேட்டுக் கைதட்டினர். துணைத் தலைமையாசிரியரைக் கேலி செய்து இணையத்தில் எழுதிய மாணவியை மூன்று மாதம் அடைக்கச் சொன்னார். அவள் பக்கம் வக்கீல் இல்லை. வேண்டாமென்று தாயிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்படிப் பல பிள்ளைகள் சில நிமிஷ விசாரணையில் கைவிலங்கோடு போனார்கள். பின்னர் உண்மை வெளிப்பட்டது. அவரும் மைக்கேல் கோனஹான் என்ற மற்றொரு நீதிபதியும், தனியார் சிறுவர் காவல் விடுதிகளைக் கட்டியவரிடமிருந்தும் நடத்தியவரிடமிருந்தும் சுமார் 28 லட்சம் டாலர் பெற்றிருந்தனர்!

பிள்ளைகளுக்காகப் போராடிய வக்கீல்கள் 2008-லேயே மாகாண உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அந்நீதிமன்றம் முதலில் மனுவைத் தள்ளிற்று. 2009-ல் கூட்டரசு சர்க்கார் நீதிபதிகள்மேல் வழக்குத் தொடர்ந்த பின்னரே மீண்டும் எடுத்துப் பார்த்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தீர்ப்புகளை அழித்தது. சியவரெல்லாவுக்கு 2011-ல் 28 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கையெழுத்திட்ட தாய்மார்களின் கண்ணீருக்கு என்ன விதிப்பது?

தகப்பனைப்போல என்று நம்பியவர்கள் அத்தாய்மார்களே. நீதிபதி நல்லவராயின் அப்பீலால் அவருக்குக் குறைவில்லை. தீயவராயின் அப்பீலன்றிப் பிள்ளைக்கு வேறு காப்பில்லை. எந்த வகையில் பார்த்தாலும் அப்பீல் வேண்டாம் என்பதற்கு இடமேயில்லை.

மதுரையில் நடந்த கதையை நாம் அறிவோம். பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். சிலம்பைக் கையிலேந்திக் கண்ணகி அவைக்கு வந்து வாதாடினாள். சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது, அரசன் தன் பிழையை உணர்ந்தான். அவள் கொண்டுவந்ததும் ஓர் அப்பீலே. ஆனால் கோவலன் தலை விழுந்த பின்னர் வந்த அப்பீல்; அதனால் மதுரை எரிந்தது. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தால், கோவலனும் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான்.

நாம் செய்ய வேண்டியது

இவையெல்லாம் அமெரிக்கச் செய்தி, நமக்கென்ன என்று ஒதுங்கவேண்டா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் தண்டனைச் சட்டத்தில் 503-ம் பிரிவு உள்ளது. பிறருடைய உடலுக்கோ, மானத்துக்கோ, பொருளுக்கோ கேடு செய்வேனென்று அச்சமூட்டுவது குற்றம் என்கிறது அது. நமது வீடுகளில் வழங்கும் பேச்சை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து லயத்திலும் நகரத்து அடுக்குமாடியிலும், “காலை ஒடித்துவிடுவேன்”, “தொலைத்துவிடுவேன்” என்று தாய் மகனைத் திட்டுகிறாள். மகன் தம்பியைத் திட்டுகிறான். வீட்டில் கற்ற அந்தச் சொல்லைப் பள்ளியிலே, தெருவிலே, கைப்பேசியிலே அவன் எடுத்துவிட்டால் அது வழக்காகக்கூடும். ஆதலின் முதற் சீர்திருத்தம் நமது நாவில் தொடங்கவேண்டும். வள்ளுவர் வெகுளாமைக்குத் தனி அதிகாரம் வகுத்தது மேடையில் முழங்குவதற்காகவா?

அப்படியும் வழக்கு வந்துவிட்டால், மானம் போயிற்றென்று தலைகவிழ்ந்து ஒளியாதீர்கள். மலேசியாவில் 1947-ம் ஆண்டுச் சிறுவர் நீதிமன்றச் சட்டத்துக்குப் பின் வந்த 2001-ம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகரை அமரவைக்கிறது. அவருள் ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும். குற்றம் இன்னதென்று பிள்ளைக்குப் புரியும் எளிய மொழியில் விளக்கவேண்டும் என்கிறது. பெற்றோர் வரவேண்டும் என்கிறது. சட்டம் இவ்வளவு இடம் கொடுத்திருக்க, ‘வேலைக்கு லீவு கிடைக்கவில்லை’ என்று பிள்ளையைத் தனியே அனுப்புகிற தகப்பனை நாம் என்னென்பது?

கோர்ட்டு வாசலில் நிற்கும் நம்மவர் சிலர், “ஒப்புக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்” என்று புத்தி சொல்லுவதை நாம் கண்டிக்கிறோம். சீக்கிரம் முடிவது அன்றைய அலுவல்தான். ஒப்புக்கொண்ட குற்றம் ஏட்டில் நிற்கும், கண்காணிப்பு தொடங்கும், அடுத்த சிறு தவறுக்கு அதுவே சாட்சியாகும். பிள்ளை செய்ததை மறைக்கச் சொல்லவில்லை. செய்ததைச் செய்ததென்று சொல்லட்டும். செய்யாததை, சொல்லாததை, கருதாததை ஒப்புக்கொள்ள வேண்டா. புரியாத தாளில் கையெழுத்திட வேண்டா. வக்கீல் வைக்க வசதியில்லையேல் சட்ட உதவி கேளுங்கள். நிபந்தனை ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்புத் தவறென்று மனம் சொன்னால், அன்றே அப்பீலைப் பற்றிக் கேளுங்கள். அதற்குக் கெடு உண்டு. துக்கம் ஆறட்டும் என்று காத்திருந்தால் கெடு காத்திராது.

நமது சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கோயில் திருவிழாவுக்கும் மாலை மரியாதைக்கும் பணம் திரட்டும் நீங்கள், கோர்ட்டு நாளில் ஒரு பிள்ளையோடு துணைக்குப் போக எத்தனை பேரை ஏற்படுத்தியிருக்கிறீர்கள்? பிள்ளை அடைபட்ட பின்னர், அந்தக் குடும்பமே அப்படித்தான் என்று புறம்பேச மட்டும் ஊரில் ஆளுக்குக் குறைவில்லை!

சிறுவனுக்கு அப்பீல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நமது விடை இதுவே. பெரியவன் பிழைபட்ட தீர்ப்பைப் பெற்றால், அவனுக்கு வாய் உண்டு, பணம் உண்டு, நண்பர் உண்டு. சிறுவனுக்கு இவை ஒன்றுமில்லை. ஆதலால், அப்பீல் யாருக்கேனும் முதலில் உரியதென்றால் அது அவனுக்கே உரியது.